சாவி யார் கையில்? செட்டிநாட்டில் குறும்படத்துக்கு வீடு பிடிக்கும் கணக்கு

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி போனில் பேசினார். 18 நிமிடக் குறும்படம். கையில் 60,000 ரூபாய். ஆட்கள் 12 பேர். இரண்டே நாளில் எடுத்து முடிக்க வேண்டும். பழைய வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, அந்த வீட்டை விற்பதற்காக வந்திருக்கும் மகன், இதுதான் கதை. "அண்ணே, கானாடுகாத்தான்ல ஷூட்டிங்குக்கு விடுற வீடு ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன். பள்ளத்தூர்ல சிநேகிதனோட பூர்வீக வீடு சும்மா பூட்டிக் கிடக்கு, காசே வேணாங்கிறான். இல்லேன்னா எங்க பெரியம்மா வீடு இருக்கு, சின்ன ஓட்டு வீடு. எதை எடுக்க?"

வருஷத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். காரைக்குடிப் பக்கம் படமெடுக்க வருகிறவர்களுக்கு இடம் பார்ப்பது, வண்டி பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது என்று நானும் பல வருஷம் ஓடிவிட்டேன். கேட்கிறவர்கள் எல்லோரும் வாடகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் சாவியை முதலில் கேட்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த மண்ணுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பழையது. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் 1940களின் நடுவில் ஸ்டுடியோ போட்டது காரைக்குடிக்குப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில்தான். அதற்கு அப்புறம்தான் கோடம்பாக்கம். இன்றைக்கும் யாராவது தெருவில் கேமராவை நிறுத்தினால், "இது என்ன, சீரியலா படமா?" என்று கேட்டுவிட்டு ஆட்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். அது ஒரு வசதி. சினிமாக்காரர்களிடம் என்ன கேட்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அது இன்னொரு பக்கம்.

## எதை வைத்து அளப்பது

சாவி. படப்பிடிப்பு நடக்கும்போது 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒருவர் என்றால் அவரிடம் பேசிக்கொள்ளலாம். ஏழு பேர் என்றால் ஏழு பேரிடமும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். அனுமதி என்று நாம் சொல்வது கடைசியில் இந்த எண்ணிக்கைதான்.

மணி நேரம். தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கேமரா, லென்ஸ், விளக்கு வாடகை ஒரு நாளைக்கு 8,000. ஒலிப்பதிவுக்கு 3,000. சாப்பாடு ஆளுக்கு 250 வீதம் 12 பேருக்கு 3,000. வேனுக்கு 4,000. ஆக 18,000. வீடு எதுவானாலும் இது போயே தீரும். காலை ஆறு மணிக்கு இறங்கி மாலை ஆறுக்கு ஏறினாலும், சாமான் இறக்குவது, சாப்பிடுவது எல்லாம் போக உருப்படியாக ஒன்பது மணி நேரம் கிடைத்தால் பெரிது. அப்படியென்றால் ஒரு மணி நேரம் 2,000 ரூபாய். காலையில் பூட்டு திறக்க இரண்டு மணி நேரம் தாமதமானால் 4,000 ரூபாயைத் திண்ணையில் உட்கார்ந்து தின்றோம் என்று அர்த்தம். வாடகையை இந்த 2,000-த்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சத்தம். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் ஸ்டைல் என்று சொல்லிச் சமாளிக்கலாம். வசனம் கேட்காவிட்டால் சமாளிக்க வழியில்லை. டப்பிங் பேசலாம்தான், அதற்கு இன்னொரு நாள், இன்னொரு செலவு.

கரண்ட். மின்சாரம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை விளக்கு தாங்கும், அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா. துணை மின்நிலையத்து வேலை என்று காலையில் நிறுத்தி மாலையில் விடுவார்கள். பேப்பரில் அறிவிப்பு வரும், பார்த்திருக்க மாட்டோம்.

வீட்டுக்காரர் பொறுக்காதவை. இழவுக் காட்சி, கறி சமைப்பது, குடிப்பது, செருப்போடு நடப்பது, வீட்டை இடிப்பது பற்றிய வசனம்.

கதைக்குப் பொருந்துமா என்பதை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அதைத்தான் எல்லோரும் முதலில் பார்த்துவிடுகிறார்களே. பார்த்து மயங்கிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

## ஒன்று: படப்பிடிப்புக்கு விடுகிற பெரிய வீடு

கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சில வீடுகள் படப்பிடிப்புக்குப் பழகியவை. ஒரு மேனேஜர் இருப்பார், அவர் சொன்னால் சொன்னதுதான். சாவி ஒரே கையில். வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, மேக்கப்புக்கு ஓர் அறை எல்லாம் உண்டு. எந்தத் தூணில் எப்போது வெயில் விழும் என்று வாட்ச்மேனே சொல்வார்; சில ஒளிப்பதிவாளர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வாடகையைத் தீர்மானிப்பது பெரிய படங்களும் விளம்பரக் கம்பெனிகளும். அவர்கள் கொடுத்துப் பழக்கியதில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டாலும் குறும்படக்காரருக்கு அது மலைதான். அதற்கு மேல் ரசீதில் வராத செலவுகள் இருக்கின்றன. கரண்ட் தனிக் கணக்கு. விளக்கு கொஞ்சம் அதிகமானால் ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்வார்கள். வாட்ச்மேனுக்கும் பெருக்குகிற அம்மாவுக்கும் பேட்டா. சேதத்துக்கு முன்பணம். வாடகை நேரம் வேன் வாசலில் வந்து நின்றதிலிருந்து ஓடும், கேமரா ஓடுவதிலிருந்து அல்ல. 'மாடி சேராது, போஜன ஹால் சேராது' என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேதம் என்றால் எதையாவது உடைப்பது என்று நினைக்கிறார்கள். உடைவது குறைவு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் டிரைபாடின் ஊசிக்கால் இழுபட்டுக் கோடு விழும். கண்ணாடிப் பலகை மேல் சாயத்தை ஊற்றிக் கையால் செய்கிற கல் அது. கோடு விழுந்த ஒரு கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல்லைப் பதித்தால் அது மட்டும் புது நிறத்தில் தெரியும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூன்று காலுக்கும் மாட்டுங்கள், செலவே இல்லை. தேக்குத் தூணில் ஒட்டிய டேப்பைப் பிய்த்தால் வார்னிஷும் சேர்ந்து வரும். அதற்கு மாற்றாகச் சணல் கயிறு போதும்.

இன்னொன்று பெல்ஜியம் கண்ணாடி. பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், முன்பக்கமாகச் சாய்த்து மாட்டியிருக்கும். கேமராவை எங்கே வைத்தாலும் அதில் பூம் மைக் பிடிக்கிற பையன் தெரிவான். இறக்கிவைக்க விடமாட்டார்கள், விட்டாலும் நாம் இறக்கக் கூடாது. கோணத்தை மாற்றிக்கொண்டே இருந்ததில் ஒரு காலைப் பொழுது போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளவின், அதாவது அறைகள் சூழ்ந்த உள்பகுதியின், நடுவில் முற்றம் திறந்திருக்கும். காலை ஒன்பது வரையும் மாலை நாலுக்கு மேலும் அங்கே விழுகிற வெளிச்சத்தை எந்த விளக்காலும் தர முடியாது. பதினொன்றிலிருந்து இரண்டு வரை முற்றத்தில் வெள்ளைச் சதுரமாக வெயில் எரியும், சுற்றியுள்ள தாழ்வாரம் கறுத்துப் போகும். அந்த நேரத்துக்கு அறைக்குள் எடுக்கிற காட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். இது அடுத்து வரும் பூட்டிய வீட்டுக்கும் பொருந்தும்.

தங்கும் விடுதியாக மாறிய பழைய வீடுகளும் இந்த வகைதான். ஆட்கள் தங்கவும் எடுக்கவும் ஒரே இடம் என்பது நல்ல யோசனை. ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் வருகிற குளிர்காலத்தில் பக்கத்து அறையில் விருந்தாளி இருப்பார், சமையலறையில் பாத்திரம் உருளும். கோடையில் கேட்டால் பேச்சுக்கு இடமுண்டு.

என் பெரிய மனக்குறை வேறு. அந்த வீடுகளைப் பார்வையாளர் ஏற்கனவே பத்துப் படத்தில் பார்த்துவிட்டார். உங்கள் அம்மா பாத்திரம் அந்த மாடிப்படியில் இறங்கி வந்ததுமே, கையில் சாட்டையோடு யாராவது பின்னால் வருவார்கள் என்று எதிர்பார்ப்பார்.

## இரண்டு: தெரிந்தவரின் பூட்டிய பூர்வீக வீடு

இலவசம் என்று சொல்லப்படுவது இதுதான். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நகரத்தார் வீட்டின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு என்கிற பின்பகுதி, கடைசியில் அடுப்படி. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றியிருக்கிற அறைகள் ஆண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று பிரிந்தவை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்த காலத்தில் ஒருவர் கட்டியது இன்று மூன்று தலைமுறைக்குப் பிறகு எத்தனை பங்கு? ஓர் அறைச் சாவி சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று சிங்கப்பூரில். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. பொது என்றால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதில்லை. யார் வேண்டுமானாலும் கூடாது என்று சொல்லலாம்.

சில வருஷம் முன்பு இப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இயக்குநரின் சிநேகிதன் சரி சொன்னான், அவன் அப்பாவும் சரி சொன்னார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் முதல்நாளே வந்து திறந்துவிட்டார். காலை ஏழு மணிக்கு முதல் ஷாட். எட்டே காலுக்குப் பெரியவரின் போன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் மாறியது. போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் சிநேகிதனின் பெரியப்பா. கோபமாகக்கூடப் பேசவில்லை. "யாரப்பா நீங்க? எங்க வீட்ல யாரைக் கேட்டு லைட் போட்டிருக்கீங்க?" அவ்வளவுதான். எதிர்த்த வீட்டுக்காரர் திண்ணையில் விளக்கு எரிவதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் என்ன மனத்தாங்கலோ, அது எங்கள் விஷயமில்லை. மன்னிப்புக் கேட்டு, மாற்றி மாற்றிப் போன் போட்டு, "சரி, இன்னைக்கு ஒரு நாள் எடுத்துக்கங்க, நாளைக்கு வேணாம்" என்ற இடத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. இரண்டு நாள் படத்தை அரை நாளில் எடுத்தோம். எப்படி வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். பங்காளிகளுக்கென்று வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும். சிநேகிதனைவிட்டு அதில் தேதி, நேரம், எத்தனை பேர், எந்தெந்த இடம், கதை என்ன என்று நாலு வரி போடச் சொல்வேன். வயதில் மூத்தவர் அதில் 'சரி' போடும் வரை தேதியை உறுதி செய்வதில்லை. இளையவர்கள் போடுகிற பெருவிரல் எல்லாம் கணக்கில் வராது. மூத்தவர் போட்டதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நாள் பார்ப்பது. குடும்பத்தில் முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று ஏதாவது வந்தால் வீடு அவர்களுக்குத்தான். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அந்த ஒரு நாளுக்காக ஊருக்கு வந்து வீட்டைத் திறக்கிறவர்கள் உண்டு. பூட்டியே கிடக்கிறது என்று நாம் நினைக்கிற வீடு, அவர்களுக்கு வருஷத்தில் நாலு நாள் வாழ்கிற வீடு.

கதையையும் சொல்லியாக வேண்டும். பட்டாலையில் முன்னோர் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அதற்குக் கீழே பாடையைக் கிடத்தி எடுக்க எந்த ஆச்சி சம்மதிப்பார்? சொல்லாமல் எடுத்துவிட்டால், யூடியூபில் வந்த பிறகு சிநேகிதனுக்கும் அவன் குடும்பத்துக்கும் நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அந்தப் படங்கள் ஃபிரேமில் தெரியலாமா என்பதும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது செலவு. என் பழைய நோட்டில் ஒரு 'இலவச' வீட்டின் கணக்கு இப்படி இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகப் பெருக்கித் துடைக்க இரண்டு பேர், 2,000. வௌவால் எச்சம் கழுவத் தண்ணீர் லாரி, 1,200. மோட்டார் ஓடாததால் எலெக்ட்ரீஷியன், 800. வீட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் ஜெனரேட்டர் டீசலோடு இரண்டு நாளைக்கு 9,000. பார்த்துக்கொள்கிற பெரியவருக்கு 2,000. கழிப்பறை வீட்டின் கடைசிப் பகுதியில், கதவு இல்லை. நடிகைகளுக்காகப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு, 1,000. மொத்தம் 16,000. இதில் ஜெனரேட்டர் சத்தத்தால் திரும்ப எடுத்த வசனங்கள் சேரவில்லை.

ஆளில்லாத பெரிய வீட்டில் வசனம் எடுப்பதே ஒரு பாடு. கல் தரை, சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, துணி என்பதே இல்லை. அம்மா "வாப்பா" என்றால் மூன்று "வாப்பா" வரும். ஏழெட்டுச் சமுக்காளம் எடுத்துப் போங்கள். கேமராவுக்குத் தெரியாத சுவரிலெல்லாம் தொங்கவிடுங்கள். முற்றத்தில் புறாவும் மயிலும் இருந்தால் அவற்றுக்குச் சமுக்காளம் இல்லை.

இவ்வளவும் தாண்டினால் கிடைப்பது விலை சொல்ல முடியாதது. யாரும் ஜோடிக்காத தூசி, உண்மையாகவே உரிந்த சுவர், 1990-ல் நின்றுபோன நாட்காட்டி. வாடகை வீட்டில் மாதாமாதம் பாலிஷ் போட்டு இதையெல்லாம் அழித்துவிட்டார்கள்.

## மூன்று: பெரியம்மாவின் ஓட்டு வீடு

சாவி பெரியம்மாவின் முந்தானையில் இருக்கிறது. ஒரே ஆள். அவருக்குக் கதை பிடித்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் எடுக்கலாம், காபியும் வரும்.

சின்ன வீட்டில் ஒலி நன்றாக வரும். ஓட்டுக்கூரை, பாய், கொடியில் துணி, மூட்டை முடிச்சு எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். ஒளிக்கும் ஒரு வழியுண்டு: நடிகர் தலைக்கு மேலே நாலு ஓட்டை எடுத்துவிட்டால் போதும், மேலிருந்து வெளிச்சம் கற்றையாக இறங்கும். கொஞ்சம் சாம்பிராணிப் புகை போட்டால் கற்றை கண்ணுக்குத் தெரியும். சீமை ஓடு சுலபமாகக் கழலும். நாட்டு ஓட்டில் கை வைக்காதீர்கள், ஒன்றை இழுத்தால் ஒரு வரிசையே சரியும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும்.

கஷ்டங்களும் உண்டு. அறை பத்தடிக்குப் பத்தடி என்றால் கேமரா பின்னால் போக இடமில்லை. ஜன்னல் வழியாக, கதவு நிலைக்கு வெளியிலிருந்து எடுக்கப் பழக வேண்டும். ஆறு பேர் உள்ளே நின்றால் மேக்கப் வழியும். பக்கத்து வீட்டு மிக்ஸி, சீரியல், குழந்தை. அதற்கு அனுமதிக் கடிதம் கிடையாது, உறவுதான். முதல்நாள் மாலை தெருவில் எட்டு வீட்டுக்கும் பெரியம்மாவோடு போய், "நாளைக்குக் காலைல கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணிக்கங்க அத்தாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தால் பெரும்பாலும் கேட்பார்கள்.

மறைந்திருக்கிற செலவு, அந்த வீட்டின் அன்றாடம். ஆட்கள் வாழ்கிற வீடு அது. இரண்டு நாள் அடுப்படியைப் பிடித்துக்கொண்டால் அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் நம் கணக்கில். காசாகக் கொடுத்தால் பெரியம்மா வாங்கமாட்டார். ஒரு மாதத்து மளிகையோ சேலையோ கொடுத்துவிடுங்கள். கண்டாங்கி எடுத்துக் கொடுத்தால் படத்தில் அம்மாவுக்கும் அதையே கட்டிவிடலாம் என்று ஒரு தயாரிப்பாளர் கணக்குப் போட்டார். அது வேண்டாம், கொடுத்ததைக் கடன் கேட்ட மாதிரி இருக்கும்.

பெரிய வீட்டுச் சாயல் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா தேக்கு நாற்காலி, எனாமல் தூக்கு, மரப்பெட்டி, உடைந்த கதவுநிலை எல்லாம் கிடைக்கும். முன்பணம் கட்டி இரண்டு நாளைக்குக் கேட்டால் சிலர் கொடுப்பார்கள். ஒரு பெட்டியும் ஒரு நாற்காலியும் சரியான இடத்தில் இருந்தால், மீதி வீட்டைப் பார்வையாளரே கட்டிக்கொள்வார்.

## நான்கு: வெளியில் எடுப்பது

ஊருணி, கண்மாய்க் கரை, செம்மண் பாதை, தெரு முனை. வாடகை இல்லை. சாவியும் இல்லை, அதாவது ஊரே சாவி. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சி, ஆத்தங்குடி ஊராட்சி. அந்தந்த அலுவலகத்தில் ஒரு மனு, காவல் நிலையத்தில் அதன் நகல், ஊர்ப் பெரியவர் காதில் ஒரு வார்த்தை. இந்த மூன்றில் கடைசியை விடுகிறவர்கள்தான் அதிகம்.

குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைப்பதாகக் காட்சி எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். டிசம்பரில் இடம் பார்க்கும்போது ததும்பிய ஊருணி மே மாதம் வெடித்த தரையாக இருக்கும். ரயில் நிலையம் என்றால் ரயில்வே அனுமதியும் கட்டணமும், திருமயம் கோட்டை என்றால் மத்தியத் தொல்லியல் துறை. இரண்டும் இந்த பட்ஜெட்டுக்கும் அவசரத்துக்கும் ஒத்துவராது. கோயிலுக்குள் நினைக்கவே வேண்டாம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசிக்கே தடை சொல்லிவிட்டது.

மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி, பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு. ஒலிபெருக்கி, கூட்டம், வண்டி கிடைக்காத நாட்கள். கதைக்கே திருவிழா வேண்டுமென்றால் தவிர, நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வாடகைப் பெரிய வீடு | பூட்டிய பூர்வீக வீடு | ஓட்டு வீடு | வெளியில் |
|---|---|---|---|---|
| 'நிறுத்து' சொல்லக் கூடியவர் | மேனேஜர் ஒருவர் | பங்காளிகள் அத்தனை பேரும் | வீட்டுக்காரம்மா | போகிற வருகிற யாரும் |
| முன்னதாகத் தேவைப்படும் நாள் | சில நாள் | மூன்று நாலு வாரம் | ஒரு வாரம் | ஒன்றிரண்டு வாரம் |
| வெளிப்படைச் செலவு | மிக அதிகம் | இல்லை | அன்பளிப்பு | மனுச் செலவு |
| மறைந்த செலவு | பேட்டா, முன்பணம், ஜெனரேட்டர் | சுத்தம், தண்ணீர், கரண்ட், சமாதானப் போன் | வீட்டாரின் சாப்பாடு, பொருள் வாடகை | கூட்டம், வெயில், கழிப்பறை |
| வசன ஒலி | எதிரொலி | அதிக எதிரொலி | நன்று, தெருச் சத்தம் உண்டு | காற்று, வண்டி, ஒலிபெருக்கி |
| இழவு, சண்டைக் காட்சி | பேசிப் பார்க்கலாம் | பெரும்பாலும் முடியாது | வீட்டுக்காரர் மனதைப் பொறுத்தது | ஊரைப் பொறுத்தது |
| திரும்ப ஒரு நாள் எடுக்க | மறுபடி முழு வாடகை | மறுபடி குழுவில் நாலு வரி | சுலபம் | சுலபம், வெளிச்சம் ஒத்துவந்தால் |

கடைசி வரியை யாரும் பார்ப்பதில்லை. குறும்படத்தில் ஒரு காட்சியாவது விட்டுப் போகும், எடிட்டிங்கில்தான் தெரியும். அன்றைக்குத் திரும்பப் போகிற தைரியம் எந்த வீட்டில் இருக்கிறது?

## யாருக்கு எது

வெளியூரிலிருந்து வருகிறீர்கள், இங்கே யாரையும் தெரியாது, நடிகர் ஒரே ஒரு நாள்தான் தந்திருக்கிறார் என்றால் வாடகை வீடுதான் சரி. காசு கொடுத்து நிச்சயத்தை வாங்குகிறீர்கள். நாளைக் குறைத்து, ஆட்களைக் குறைத்து, அந்த ஒரு நாளை எடுங்கள். விளம்பரம் மாதிரி பளிச்சென்று வேண்டிய படத்துக்கும் இதுதான்.

வசனம் குறைவாக, முகமும் இடமுமே பேசுகிற படம். ஒரு மாதம் பொறுக்க முடியும். கூட்டத்தில் ஒருவர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. மூன்றும் இருந்தால் பூட்டிய வீட்டுக்குப் போங்கள். இரண்டு மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

பேச்சும் நடிப்பும்தான் படம் என்றால், புது இயக்குநர் என்றால், எட்டு டேக் பத்து டேக் போவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், ஓட்டு வீடு. முதல் இரண்டு படம் எடுக்கிற எல்லோருக்கும் என் சிபாரிசு இதுதான், அவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தாலும்.

தேவகோட்டைத் தம்பியும் சுளித்தார். "அண்ணே, கதையில வீடு பெருசு. அதை விக்கிறதுதான் கதையே." சரி, அந்தப் பெரிய வீட்டில் அம்மா எங்கே இருப்பார் என்று கேட்டேன். அவருக்கே தெரியும், இங்கே தனியாக இருக்கிற வயதானவர்கள் எத்தனை பேர் பட்டாலையில் படுக்கிறார்கள்? முன்கட்டை எல்லாம் பூட்டிவிட்டு, கடைசிக் கட்டில் அடுப்படிக்குப் பக்கத்து அறை ஒன்றில், ஒரு கட்டிலும் ஒரு டிவியுமாக இருக்கிறார்கள். பின்கட்டு பெரும்பாலும் ஓட்டுச் சார்ப்புதான். பெரியம்மா வீட்டு அடுப்படி அந்தப் பின்கட்டாக நடிக்கும். பள்ளத்தூர் வீட்டில் முகப்பும் திண்ணையும் மட்டும் போதும்: மகன் வருகிறான், பூட்டியிருக்கிறது, சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகப் போகிறான். ஒரு காலைப் பொழுது வேலை. உள்ளே விளக்குப் போட வேண்டியதில்லை, வௌவாலை எழுப்ப வேண்டியதில்லை, ஜெனரேட்டரும் வேண்டாம்.

கணக்கும் ஒத்துவருகிறது. இரண்டு நாளுக்கு நிலையான செலவு 36,000. முகப்பைப் பெருக்கி, பெரியவருக்குக் கொடுக்க 2,000. பெரியம்மாவுக்கு மளிகை 4,000. முனீஸ்வரன் கோயில் தெருச் சாமானுக்கு 3,000. ஆக 45,000. மீதி 15,000-ல் நடிகருக்கும் எடிட்டிங்குக்கும் போக, விட்டுப்போன காட்சிக்காக அரை நாள் ஒதுக்கலாம்.

முகப்புச் சாவி மூன்று வீட்டுக்குப் பொதுவாம். பங்காளிகள் குழுவில் நாலு வரி போட்டுவிட்டார்கள், மூத்தவர் இன்னும் பார்க்கவில்லை. நீலக்குறி விழுந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார் தம்பி. அதுவரை அந்தத் தேதியில் பள்ளத்தூரில் மின்தடை இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.